தெருமுனையில் ஆடிய ஆண்கள்: டாங்கோ வரலாற்றில் பெண்ணின் மறுப்பு

டாங்கோ ஆட்டம் புவெனஸ் ஐரிஸின் விலைமாதர் இல்லங்களில் பிறந்தது என்ற கருத்து பரவியதில் அர்ஜென்டின எழுத்தாளர் போர்ஹெஸுக்குப் பெரிய பங்குண்டு. கவிஞர் காரியேகோவைப் பற்றி அவர் எழுதி 1930இல் வெளிவந்த ‘எவாரிஸ்தோ காரியேகோ’ நூலின் 1955ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் சேர்த்த ‘டாங்கோவின் வரலாறு’ என்ற பகுதி இதற்குச் சில சான்றுகளை அடுக்குகிறது. பியானோ, புல்லாங்குழல், வயலின் ஆகியவை ஏழைக் குடியிருப்புக்குக் கட்டுப்படியாகாத கருவிகள். அசைவுகள் காமம் தோய்ந்தவை. பாடல் தலைப்புகள் இரட்டைப் பொருள் தருபவை. இவற்றைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. கடைசியாக அவர் சொல்வது ஒன்றுண்டு. சிறுவயதில் அந்நகரின் பலேர்மோவிலும், சில ஆண்டுகள் கழித்து சாகரிதா, போயேதோ பகுதிகளிலும் தெருமுனைகளில் ஆணும் ஆணும் ஜோடி சேர்ந்து டாங்கோ ஆடியதைக் கண்டாராம். ஒழுக்கம் கெட்டவர்களின் ஆட்டத்தில் சேர எளிய குடும்பத்துப் பெண்கள் விரும்பவில்லை என்பதே அவர் காட்டும் காரணம். என் கருத்து வேறுபாடு இந்த இடத்தில்தான்.

ஆண்கள் ஆடினார்கள் என்பது அவர் கண்ணால் கண்டது. பெண்கள் ஏன் வரவில்லை என்பது அவர் ஊகித்துச் சேர்த்தது. ‘ஏனெனில்’ என்ற ஒரு சொல் இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடுகிறது. அந்தத் தையலைப் பிரித்துப் பார்க்க வழியும் அவர் பக்கத்திலேயே கிடைக்கிறது. தம் கூற்றுக்குத் துணையாக, காரியேகோவின் 1908ஆம் ஆண்டுக் கவிதைத் தொகுப்பிலிருந்து நான்கு வரிகளை எடுத்துக்காட்டுகிறார். அவ்வரிகளில் புறநகர் இளைஞர் இருவர் சட்டென்று நின்றுவிடும் ‘கோர்த்தெ’ அசைவுகளைத் தெருவில் ஆடிக்காட்டுகிறார்கள். சுற்றி நிற்கும் நல்ல ஜனங்கள் கொச்சைச் சொற்களால் அவர்களை வாயார மெச்சுகிறார்கள். முகம் சுளிப்பவர் எவருமில்லை. பெண்கள் மறுத்தார்கள் என்ற பேச்சும் இல்லை. ஒலிக்கும் டாங்கோவின் பெயரைக்கூட காரியேகோ சொல்லிவிடுகிறார்: ‘லா மொரோச்சா’. சபோரிதோ இசையமைத்து வில்லோல்தோ சொல் எழுதிய 1905ஆம் ஆண்டுப் பாடல் அது. ஒரு பெண் தன்னைப் பற்றிப் பெருமையோடு சொல்வதாக அமைந்தது. விடியற்காலையில் தன் ஆளுக்கு மாத்தே பானம் கொடுப்பவளின் குரல். கூசத்தக்கது அதில் ஒன்றுமில்லை. ஆடியவர்கள் ஆண்கள் என்பதற்குக் காரியேகோ சாட்சி, காரணத்துக்கு அல்ல.

‘சில ஆண்டுகள் கழித்து’ என்ற சொற்களும் கவனத்துக்குரியவை. போர்ஹெஸ் பிறந்தது 1899இல். போயேதோவில் அவர் கண்டது பலேர்மோச் சிறுவயதுக்குப் பிந்தியது. 1913 அளவில் பாரிஸ் டாங்கோ மோகத்தில் மூழ்கியிருந்தது. அந்த மோகத்தின் பின்னே புவெனஸ் ஐரிஸின் மேட்டுக்குடிக் கூடங்களும் இந்த ஆட்டத்துக்குக் கதவு திறந்தன. போயேதோக் காட்சி அதற்கும் பிந்தியதாக இருக்குமானால், குடும்பப் பெண்களும் ஆடத் தொடங்கிய காலத்திலும் ஆண்கள் தெருவில் ஆண்களோடு ஆடியிருக்கிறார்கள் என்றாகிறது. அப்போது மானக்கேடு என்ற காரணம் வலுவிழக்கிறது. அக்காட்சியின் ஆண்டை அவர் தராததால் இதை உறுதியாக நாட்ட முடியாது.

வேறு காரணம் உண்டா? 1940களில் ஆடியவர்களின் வாய்மொழியைத் திரட்டி கிறிஸ்டின் டெனிஸ்டன் 2007இல் வெளியிட்ட ‘டாங்கோவின் பொருள்’ என்ற நூல் ஒரு விடை தருகிறது. இளைஞர்கள் ‘பிராக்திகா’ எனும் ஆண்கள் மட்டுமே கூடும் பயிற்சிக்குப் போனார்கள். முதலில் மாதக்கணக்கில் பெண்ணின் அடிகளைக் கற்றார்கள். பிறகே நடத்துபவரின் அடிகள். ஆட்டம் கைவராதவனோடு எந்தப் பெண்ணும் ஆடமாட்டாள் என்பதே அவர்களை விரட்டிய அச்சம். இதைக் கொண்டு போர்ஹெஸின் தெருமுனையைத் திரும்பப் பார்க்கலாம். காசு கொடுத்தால் துணை கிடைக்கும் இல்லமே டாங்கோவின் வீடு என்றால், அங்கே போகிறவன் நன்றாக ஆடத் தேவையே இல்லை. ‘மாட்டேன்’ என்று சொல்லக்கூடிய பெண் எதிரே இருக்கும்போதுதான் தெருமுனைப் பயிற்சிக்குப் பொருள் வருகிறது. போர்ஹெஸ் பெண்களின் மறுப்பைக் கண்டார், ஆனால் அதை ஆட்டத்துக்கு வெளியே வைத்தார். அது ஆட்டத்தை உள்ளிருந்து செதுக்கிய உளி என்பது என் துணிபு. ஆண்கள் தமக்குள் போட்டி போடவே ஆடினார்கள் என்று தடை எழுப்பலாம். போட்டி இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் போட்டிக்கு மட்டும் என்றால் மாதக்கணக்கில் பெண்ணின் அடிகளைக் கற்பானேன்?

மறுப்பின் வலிமையை மிலோங்கா எனப்படும் ஆட்டக்கூடத்தின் ‘காபெசேயோ’ வழக்கத்தில் நெருங்கிப் பார்க்கலாம். கூடத்தின் இந்தப் பக்கம் ஆண், அந்தப் பக்கம் பெண். 1940களில் அவளருகே தாயும் அமர்ந்திருப்பாள். அவன் பார்க்கிறான். அவள் பார்வையைத் தாங்கினால் லேசாகத் தலையசைக்கிறான். அவளும் அசைத்தால்தான் எழுந்து போவான். அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பினால் அவ்வளவுதான், எவருக்கும் தெரியாது. மூன்று நான்கு பாட்டுகள் சேர்ந்த ‘தாந்தா’வின் நடுவில் அவள் ‘கிராசியாஸ்’ என்று நன்றி சொன்னால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. இந்த வழக்கம் ஆணின் மானத்தைக் காக்கவே வந்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் அவள் சொல்லுக்கு எடை இல்லாத இடத்தில் அவனுக்குக் கேடயம் எதற்கு?

என் வாதம் மெலியும் இடம், 1890களின் புவெனஸ் ஐரிஸில் காசுக்கு ஆடவிட்ட மரியா லா வாஸ்காவின் வீடு போன்றவை. அங்கே ஒரு மணி நேர ஆட்டத்துக்கு ஆளுக்கு 3 பெசோ வாங்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. அங்கிருந்த பெண்ணுக்குத் தேர்வு இருந்ததா? கூலிக்கு ஆடுபவளின் மறுப்புக்கு விலை உண்டு, அதை அவளேதான் கொடுக்க வேண்டும். ஆயினும் முன்கூட்டியே அமைக்கப்படாத இந்த ஆட்டத்தில், அவள் உடல் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி முடியும்வரை அவன் காத்திருந்தே ஆகவேண்டும். அந்தக் கணம் அவளுடையது. காசு கொடுத்தவனும் அதை அவசரப்படுத்தினால் ஆட்டம் உடையும். இன்றைய ஆட்டத்தின் இலக்கணத்தை 1890களுக்குக் கொண்டுபோவதில் உள்ள ஆபத்தை உணர்ந்தே இதைச் சொல்கிறேன்.

தேர்வின் மறுபக்கத்தை மறைக்கவும் கூடாது. யாரும் அழைக்காமல் இரவெல்லாம் உட்கார்ந்திருப்பதை அவ்வூர்ப் பேச்சில் ‘பிளாஞ்சார்’, அதாவது இஸ்திரி போடுவது என்பார்கள். காத்திருக்கும் இப்பெண்களைப் பற்றி டாங்கோ ஆய்வாளர் மார்த்தா சவிலியானோ எழுதியிருக்கிறார். பார்வையால் தேடும் உரிமை இருந்தும், எழுந்து போய் அழைக்கும் உரிமை அவர்களுக்கு வழக்கத்தில் இல்லை.

தொடக்க ஆண்டுகளே தீராத சிக்கல்தான். 1913இல் ‘கிரீத்திகா’ நாளிதழில் ‘பழைய டாங்கோக்காரர்’ என்ற புனைபெயரில் வந்த கட்டுரை கறுப்பினத்தவரின் மொந்தோங்கோ வட்டாரத்தையும் 1877ஐயும் டாங்கோவின் தொடக்கமாகக் குறிக்கிறது. போர்ஹெஸோ 1880க்கு முந்தியதில்லை, 1890க்குப் பிந்தியதில்லை என்கிறார். காரியேகோவின் இரு இளைஞர்களுக்கும் 1940களின் பிராக்திகாவுக்கும் இடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன. பயிற்சி மரபு அறாமல் வந்ததா, ஆட்டக்கூடங்கள் பெருகியபோது புதிதாக முளைத்ததா என்றால் நான் முன்னதன் பக்கமே சாய்கிறேன். அந்த இடைவெளியில் கால் வைக்க எனக்குக் கிடைத்த கல், போயேதோவைப் பற்றி போர்ஹெஸ் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன அந்தச் சில சொற்கள்.