பருத்தி இரகத் தெரிவு (தமிழ்நாடு)

காசிபியம் என்னும் பருத்திப் பேரினத்தில் ஏறத்தாழ 50 சிற்றினங்கள் உண்டு. அவற்றுள் பஞ்சுக்காகப் பயிராகுபவை நான்கு. ஆர்போரியம், ஹெர்பேசியம் ஆகிய நாட்டுப் பருத்திகளுக்குக் குரோமோசோம்கள் 26. ஹிர்சுட்டம், பார்படென்ஸ் ஆகிய அமெரிக்கப் பருத்திகளுக்கு 52. பழைய உலகப் பருத்தியை ஒத்த ஒன்றும் அமெரிக்கக் காட்டுப் பருத்தி ஒன்றும் 10 முதல் 20 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தாமாகவே கலந்து, குரோமோசோம் இரட்டித்ததில் இந்த 52 குரோமோசோம் பருத்திகள் தோன்றின. இவ்விரு பிரிவுகளையும் நேரடியாகக் கலந்தால் 39 குரோமோசோம்களுடன் பிறக்கும் செடி பெரும்பாலும் மலடு. நாட்டுப் பருத்தியின் வறட்சி தாங்கும் குணத்தை நீள இழைப் பருத்திக்குக் கொண்டுசெல்வது இதனால்தான் கடினமாயிற்று.

தென்மாவட்டக் கரிசலில் மானாவாரியாக விளைந்தவை உப்பமும் (ஹெர்பேசியம்) கருங்கண்ணியும் (ஆர்போரியம்). இரண்டும் கலந்தே திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரில் சந்தைக்குப் போயின. அவற்றினூடே புளிச்சை என்னும் குட்டை இழைப் பருத்தியும் புகுந்தது. அரைத்தால் பஞ்சு மிகுதியாக விழும் என்பதால் அதை விதைத்தவர் பலர். நூற்பாலைகளோ இழை முரடு என்று ஒதுக்கின. வேளாண் துறை ஆலைகளின் பக்கம் நின்று, புளிச்சையைக் கலப்படம் என்றே நடத்தி ஒழிக்க முனைந்தது. அந்த முடிவு சரியே. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் கருங்கண்ணியைத் தனியே பிரித்துத் தெரிவு செய்ததில், கரிசல் பருத்தி என்றாலே கருங்கண்ணி என்றாயிற்று.

1904-05 வாக்கில் இந்தோசீனாவிலிருந்து வந்த கம்போடியா பருத்தி, ஹிர்சுட்டத்தைச் சேர்ந்தது. கோவைக் கிணற்றுப் பாசனத்தில் அது செழித்தது. தேனீக்கள் மகரந்தத்தை இடம் மாற்றுவதால் ஒரே வயலில் பலவகைச் செடிகள் நின்றன. தெரிவுக்கு வேண்டிய மூலப்பொருளே அந்த வேறுபாடுதான். நல்ல செடியைக் குறித்து, மொட்டு விரியாதபடி கட்டித் தன்மகரந்தச் சேர்க்கை செய்வித்து, அதன் விதையைத் தனி வரிசையில் விதைத்துப் பார்த்தனர். இழை நீளம், அரவை விகிதம் (அரைத்தால் விழும் பஞ்சின் பங்கு), காய் எடை ஆகியவற்றுடன் இலைமயிரையும் கணக்கில் கொண்டனர். மயிரடர்ந்த இலையில் தத்துப்பூச்சித் தாக்குதல் குறைவு. நீளத்தைக் கூட்டினால் அரவை விகிதம் இறங்குவது பெரும்பாலும் வழக்கம். கம்போடியாவுடன் உகாண்டா பருத்தியைக் கலந்ததில் எம்.சி.யூ. (மதராஸ் கம்போடியா உகாண்டா) வரிசை பிறந்தது. பல பெற்றோரைக் கலந்து உருவாக்கி 1968இல் வெளியிட்ட எம்.சி.யூ. 5 அவ்வரிசையில் தலைசிறந்தது.

பார்படென்ஸில் சுஜாதாவையும் செயின்ட் வின்சென்ட்டையும் கலந்து 1974இல் கோவையில் உருவான சுவின், 120ஆம் நம்பர் நூல் நூற்க ஏற்றது. வயது நீண்டது, அரவை விகிதம் குறைந்தது. ஆதலால் பரப்பு சுருங்கியது.

இதனிடையே, கையால் மகரந்தத்தாள் நீக்கி விதை உண்டாக்கும் வீரிய ஒட்டுகள் பரவின. குஜராத்தின் எச்-4 (1970) உலகின் முதல் வணிக ஒட்டுப் பருத்தி. 2002இல், காய்ப்புழுவை எதிர்க்க மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு இசைவு கிடைத்தபின் தமிழகத்திலும் தனியார் ஒட்டு விதைகளே மிகுதி.