தென்கிழக்குக் கரையோரத்தில் உயிரியற் கல்விச் சாதனங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

கல்முனையை நடுவாகக் கொண்டு வடக்கே மருதமுனையும், தெற்கே சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்பனவும், மேற்கே வயல் சூழ்ந்த சம்மாந்துறையும் அமைந்த நிலப்பரப்பு, 1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தின் கரையோரப் பகுதியாகும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் இவ்வூர்களின் கல்வி வரலாறு இதுகாறும் பெரும்பாலும் பாடசாலைகளின் வரலாறாகவும் அதிபர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. மாணவன் எதைக் கையில் வைத்துக்கொண்டு படித்தான் என்ற வினா அத்துணை எழுப்பப்பட்டதில்லை. உயிரியலைப் பொறுத்தவரை இவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. கணிதத்தைக் கரும்பலகையொன்றைக் கொண்டே கற்பித்துவிடலாம். உயிரியலுக்கோ படம் வேண்டும், நுணுக்குக்காட்டி வேண்டும், எல்லாவற்றிற்கும் மேலாகச் சொல் வேண்டும். இன்று இணையம் முதலிரண்டையும் ஓரளவு வீட்டு வாயிலுக்கே கொண்டுவந்துள்ளது. மூன்றாவதன் நிலை யாதென்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டியுள்ளது.

தமிழில் உயிர்விஞ்ஞானக் கல்விச் சாதனங்களை ஒரு திட்டத்தோடு ஆக்கத் தலைப்பட்ட முன்னோடி, 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியப் பணிபுரிந்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவார். முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்த அவர், 1864 இல் தமிழ்மொழிமூல வகுப்பைத் தொடங்கினார். ஆங்கிலத்திற் கற்றவர்கள் கூடிய சம்பளம் தரும் உத்தியோகங்களை நாடிக் கிராமங்களை விட்டகன்றமை அவரது மனமாற்றத்திற்கு முக்கிய காரணம். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் முதலாய நூல்கள் அவரும் அவருடைய தமிழ் மாணவர்களும் கூடி உழைத்ததன் விளைவாகும். இத்தலைப்புகளே அவர்களுடைய சொல்லாக்க முறையைக் காட்டப் போதுமானவை. உடற்கூற்றியல் வடமொழி வழியே அங்காதிபாதமாயிற்று. இரசாயனவியல் ஆங்கில ஒலியையே தழுவிக் கெமிஸ்தமாயிற்று. இன்றைய வாசகனுக்கு இச்சொற்கள் நகைப்பூட்டலாம். ஆயின், எலும்புக்கும் நரம்புக்கும் அப்பால் நூற்றுக்கணக்கான உறுப்புகளுக்கு ஒரே தலைமுறையில் பெயரிட நேர்ந்தவர்களின் இடர்ப்பாட்டை எண்ணிப்பார்ப்பவர் நகைக்கமாட்டார். 1873 இல் கிறீன் தாயகம் திரும்பினார். 1870 இல் கொழும்பில் தொடங்கப்பட்ட மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்தையே போதனாமொழியாகக் கொண்டிருந்தது. தமிழில் மருத்துவம் பயிலும் முயற்சி அதன் பின்னர் நிலைபெறவில்லை.

மானிப்பாயின் முயற்சி கல்முனைக் கரையை நேரடியாக எட்டியதெனக் கூறுவதற்கில்லை. இக்கரையில் விஞ்ஞானக் கல்வி பரவலானது பெரிதும் சுதந்திரத்தின் பின்னரே. 1945 இல் ஆரம்ப வகுப்புகளில் தொடங்கிய சுயமொழிக் கல்வி படிப்படியாக மேலேறி, 1960களிற் பல்கலைக்கழகப் புகுமுக விஞ்ஞான வகுப்புகளை அடைந்தது. அரசாங்கம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது, பாடநூல்கள் மொழிபெயர்க்கப்பட்டன, 1980 முதற் பாடசாலைப் பாடநூல்கள் இலவசமாகவும் வழங்கப்பட்டன. எனினும் உயர்தர வகுப்புக்கு அவ்வாறான இலவச நூல் இருக்கவில்லை. அவ்விடத்தை நிரப்பியது ரோணியோப் பிரதி. யாழ்ப்பாணத்து ஆசிரியரொருவரின் குறிப்பு மட்டக்களப்புக்கு வந்து, அங்கிருந்து கல்முனைக்கு வந்து, மை மங்கிய நான்காம் படியாக ஒரு மாணவனின் கைக்குக் கிட்டும். படங்களை அவன் ஊகித்தே வரைய வேண்டியிருந்தது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து போர் இவ்வழியையும் துண்டித்தது. யாழ்ப்பாணத்து விஞ்ஞான ஆசிரியர்களின் வருகை அருகியது. அயலயலே வாழ்ந்த தமிழ், முஸ்லிம் ஊர்களுக்கிடையேகூட நூலும் ஆசிரியரும் சென்று வருதல் அரிதாயிற்று.

2004 டிசெம்பர் 26 இல் நேர்ந்த ஆழிப்பேரலை இலங்கையில் அதிக உயிர்களைக் காவுகொண்டது அம்பாறை மாவட்டத்திலேயே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட அவலத்தின் முன் ஆய்வுகூடத்தையும் நூலகத்தையும் பற்றிப் பேசுவது பொருந்தாது போலத் தோன்றலாம். ஆயினும் கடலோரப் பாடசாலைகள் பலவற்றில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த மாதிரிப் போத்தல்களும் படத்தட்டுகளும் கையெழுத்துக் குறிப்புகளும் ஒரு காலைப்பொழுதில் அழிந்தன என்பதும் இவ்வரலாற்றில் இடம்பெற வேண்டியதே.

இதே காலப்பகுதியில் உலகின் பிறிதொரு மூலையில் நிகழ்ந்த மாற்றம் குறிப்பிடத்தக்கது. மரபணுத் தொடர்களைத் திரட்டும் ஜென்பாங்க் தரவகம் 1982 இல் தொடங்கியது. மனித மரபணுத்தொகுதித் திட்டத்தில் ஈடுபட்டோர் 1996 இல் பெர்மியூடாவிற் கூடி, தாம் கண்டறிவனவற்றை நாளுக்கு நாள் பொதுவில் வெளியிடுவதென இணங்கினர். 2002 இல் மாசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனம் தன் பாடவிதானங்களை இணையத்திற் கட்டணமின்றித் திறந்துவிட்டது. அதே ஆண்டு யுனெஸ்கோ கூட்டமொன்றில் 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயரும் பிறந்தது. கிறீன் பிறந்ததும் அதே மாசசூசெற்ஸ் மாநிலமே. அங்கிருந்து ஒருவர் கப்பலேறி வந்து கற்பித்த காலம் போய், அங்குள்ள விரிவுரையைச் சாய்ந்தமருது மீனவரின் மகள் தன் வீட்டிலிருந்தே கேட்கும் காலம் வந்துவிட்டது. ஆனால் கிறீன் இங்கு வந்து தமிழைக் கற்றுக்கொண்டார். விரிவுரை அவ்வாறு கற்றுக்கொள்வதில்லை.

தமிழிலுள்ள இணைய வளங்களுக்கும் தடைகள் இருந்தன. அவற்றுளொன்று வெளித்தெரியாதது. இலங்கையிற் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்யப்பட்ட பாடக்குறிப்புகள் திரையிலே தமிழாகத் தோன்றினும், கணினியின் உள்ளே அவை ஆங்கில எழுத்துகளாகவே கிடந்தன. ஆதலால் தேடுபொறியில் 'ஒளித்தொகுப்பு' எனத் தேடியவனுக்கு அவை அகப்படவில்லை. ஒருங்குறி முறை பரவிய பின்னரே தமிழ்ப் பக்கங்கள் ஒன்றையொன்று கண்டுகொண்டன. 2003 இல் தமிழ் விக்கிப்பீடியாவும் 2005 இல் நூலகம் எண்ணிம நூலகமும் தோன்றின. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவத் தளமும், தேசிய கல்வி நிறுவகத்தின் உயிரியல் வளநூல்களும் பின்னர் தமிழிலும் கிடைக்கலாயின.

இவற்றிலும் ஆழமானது சொல்லின் தடை. தமிழில் உயிரியல் காணொளிகள் மிகுதியாக உள்ளன என்பது உண்மை. அவற்றிற் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வருவன. கல்முனை மாணவன் 'கலம்' என்று படித்ததை அங்குள்ள ஆசிரியர் 'செல்' என்கிறார். இவனது இழையம் அவருக்குத் திசு, பிரசாரணம் சவ்வூடு பரவல், ஆவியுயிர்ப்பு நீராவிப்போக்கு, இழைமணி மைட்டோகாண்ட்ரியா. சொல் வேறாயின் சிறிது நேரத்திற் பழகிவிடலாம். சொல் ஒன்றாகிப் பொருள் வேறானால் இடர் பெரிது. இலங்கைப் பாடநூலிற் 'கரு' என்பது கலத்தினுள் இருக்கும் பொருள். தமிழ்நாட்டில் அது உட்கரு எனப்படும். அங்கே 'கரு' என்பது கருக்கட்டலின் பின் வளரும் இளம் உயிர். இலங்கையில் அது முளையம். எச்சரிக்கப்படாத மாணவன் இவ்வொரு சொல்லால் ஒரு பாடத்தையே பிழையாக விளங்கிக்கொள்ளக்கூடும். பரீட்சைத் தாளிலோ இலங்கைச் சொல்லே வரும். இரு நாட்டுக் கலைச்சொல் ஆக்குநரும் தத்தம் வழியே உழைத்தனர். எவரையும் குறைகூற இயலாது. ஆனால் அவர்களின் பிரிவினைக்கு விலை கொடுப்பவன் உயர்தர மாணவனே.

2020 மார்ச்சில் கொவிட் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்நிலை சடுதியாக எல்லாரதும் கண்ணுக்குப் புலனாயிற்று. அதே ஆண்டு இறுதியில் அக்கரைப்பற்றுப் பகுதி தனிமைப்படுத்தப்பட்டது. மருதமுனை நெசவாளர் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொலைபேசி. தந்தை வெளியே சென்றால் அதுவும் இல்லை. 2021 ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரிக்குத் தள்ளிப்போயிற்று. அடுத்த மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டும் வந்தது.

ஆயின் இக்கரையின் கல்வி வரலாற்றில் இதற்கு முன் நிகழாத ஒன்றும் அப்போதே நிகழ்ந்தது. இதுவரை மானிப்பாயிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஆக்கப்பட்டவற்றைப் பெற்றுவந்த கரை, தானே ஆக்கத் தொடங்கியது. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆசிரியர்கள் தமக்குப் பழகிய சொல்லிலும் பேச்சிலும் பாடங்களைப் பதிவுசெய்து வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினர். காணொளிகளிற் குளிர்நாட்டுக் காடுகளையே கண்டு பழகிய பிள்ளைக்கு, ஒலுவில் கண்டலையும் வீட்டுக்குப் பின்னாலுள்ள வயலையும் காட்டிச் சூழற்றொகுதியை விளக்க வாய்ப்பு ஏற்பட்டது. மின்சாரம் வந்த நேரத்திற் கேட்கலாம், மீண்டும் கேட்கலாம், தம்பிக்கும் எடுத்து வைக்கலாம் என்பது சூம் வகுப்பில் இல்லாத வசதி.

இவ்வளவையும் தாண்டி வருபவன் பல்கலைக்கழக வாயிலில் மற்றுமொரு மொழியைச் சந்திக்கிறான். 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இக்கரையின் பெரும்பேறு. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறை மண்ணிலேயே உள்ளது. எனினும் அங்கும் உயிரியல் ஆங்கிலத்திலேயே பயிலப்படுகிறது. பதின்மூன்று ஆண்டுகள் தமிழிற் சிந்தித்துப் பழகிய மாணவன், பிரசாரணத்தின் ஆங்கிலப் பெயரை முதலாம் வருடத்தில் மனனஞ் செய்கிறான். கிறீனைத் தமிழின்பால் திருப்பிய சிக்கல் இன்னும் தீர்ந்தபாடில்லை: மேற்படிப்பும் உத்தியோகமும் ஒரு மொழியில், கற்றதைப் பயன்கொள்ள வேண்டிய ஊர் வேறொரு மொழியில். பின்தங்கிய மாவட்டமெனக் கணிக்கப்படும் அம்பாறைக்குப் பல்கலைக்கழக அனுமதியிற் சலுகை உண்டு. உள்ளே சென்றபின் சொல்லுக்குச் சலுகை இல்லை.

முடங்கல் காலத்திற் பதிவான அப்பாடங்களுட் பல இன்று கிடைப்பதில்லை. கைத்தொலைபேசி மாறியது, நினைவகம் நிறைந்தது, குழுக்கள் கலைந்தன. யூடியூபில் ஏற்றப்பட்டவை மட்டும் எஞ்சியுள்ளன. அவற்றையும் பாட ஒழுங்கில் திரட்டி, எந்தப் பாடவிதானத்துக்கு உரியது, எந்நாட்டுக் கலைச்சொல்லைக் கையாள்கிறது என்று குறித்துவைத்த ஒரு பட்டியலும் இல்லை. மனுஷ அங்காதிபாதம் 1872 இல் அச்சேறியது. நூலகமொன்றிற் கேட்டுப் பெற்று இன்றும் அதைப் படிக்கலாம்.