கலம் தேர்வோர் யார்?

அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிகளின் மூத்த உழவர்களிடம் 'கலம்' என்று சொன்னால் அவர்கள் நெல்லை நினைப்பர். பன்னிரண்டு மரக்கால் கொண்டது ஒரு கலம். கடற்கரையிலோ அதே சொல் மரக்கலத்தைக் குறிக்கும். உழவரின் உழைப்பை அளப்பதற்கும் மீனவரின் உயிரைத் தாங்குவதற்கும் ஒரே சொல்லைத் தந்திருக்கிறது நம் தமிழ்.

கடலுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று உள்நாட்டு மக்களாகிய நாம் எண்ணிவிட முடியாது. நம் மண்ணே ஒரு காலத்தில் கடலடியாய் இருந்தது. அரியலூரின் சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் தருவது அந்தப் பழங்கடல்தான். காரையிலும் சுற்றுப்புறங்களிலும் மழை அரித்த ஓடைகளில் இன்றும் சிப்பிகளும் நத்தை ஓடுகளும் கல்லாய்க் கிடக்கின்றன. சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் அந்தக் கடலின் காலத்தைச் சேர்ந்தது. பின்னர் வந்த வரலாற்றிலும் நமக்குக் கடலோடு உறவு உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தை உருவாக்கிய இராசேந்திர சோழன் 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேல் கப்பற்படையைச் செலுத்தினான். வென்ற ஊர்களை வரிசையாகக் கூறும் அவனது மெய்க்கீர்த்தி, அக்கலங்களைச் செய்த தச்சரின் பெயரையோ ஓட்டிய மாலுமியின் பெயரையோ கூறவில்லை. உள்நாட்டில் அமர்ந்து கலங்களைப் பற்றி முடிவெடுப்பவர்கள், கடலில் இறங்குபவரை மறந்துவிடுவது புதிதன்று.

அந்த மறதியில் நமக்கும் பங்குண்டு. அதைச் சொல்லிவிட்டே வரலாற்றுக்குள் நுழைய விரும்புகிறோம்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைச் சிதைத்தது. நாம் பணியாற்றிய உள்நாட்டுப் பங்கின் மக்கள், கூலி வேலை செய்யும் தாய்மார்கள் உட்பட, ஒருநாள் கூலியைக் காணிக்கைப் பெட்டியில் இட்டனர். அண்டைப் பங்குகளும் சேர்ந்துகொள்ள, ஒரு படகின் விலை திரண்டது. விலைப்பட்டியலையும் நிழற்படத்தையும் பார்த்து ஒரு ஃபைபர் படகைத் தேர்ந்தோம். மாலை சூட்டி, மந்திரித்துக் கொடுத்தோம். கூட்டம் கலைந்தபின் முதிய மீனவர் ஒருவர் நம் அருகில் வந்து, "சாமி, படகு நல்லாத்தான் இருக்கு. இதை எங்க கரையில தூக்கி ஏத்த எத்தனை ஆளு வேணும்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்றார்.

நாம் கேட்கவில்லை. மூவர் சேர்ந்து தூக்கிவந்த கட்டுமரத்திற்குப் பதிலாக, பத்துப் பேர் தள்ளவேண்டிய படகைக் கொடுத்திருந்தோம். சில மாதங்களில் அது துறைமுக வசதியுள்ள வேறோர் ஊருக்குக் கைமாறியது. அந்தப் பெரியவரின் கேள்வி நம்மைப் படிக்க வைத்தது. படித்தபோது, அதே கேள்வியைத் திருச்சபை அரை நூற்றாண்டாகக் கடற்கரையில் சந்தித்து வந்திருப்பதை அறிந்தோம்.

கட்டுமரம் கற்பித்தது

தமிழர் உலகிற்குத் தந்த சொற்களுள் கட்டுமரமும் ஒன்று. ஆங்கிலமும் பிரெஞ்சும் அதை எடுத்துக்கொண்டன. இலேசான மரத்துண்டுகளைச் செதுக்கிக் கயிற்றால் கட்டிய அதனைப் பார்த்து, 'இதுவும் ஒரு கலமா?' என்று வியந்த அயல்நாட்டார் பலர். ஆனால் அதன் அறிவு நுட்பமானது. துண்டுகளுக்கிடையே நீர் புகுந்து வெளியேறிவிடுவதால் இறைக்க வேண்டியதில்லை. உள்ளே குழிவு இல்லாததால் நீர் நிறைந்து மூழ்கும் அச்சமில்லை. துறைமுகமற்ற மணற்கரையில் அலை முறிந்து விழும் இடத்தை அது கடந்துவிடும். கரை சேர்ந்தபின் கட்டவிழ்த்து, துண்டு துண்டாகச் சுமந்து, வெயிலில் உலர்த்திவிடலாம்.

அதற்குக் குறைகளும் உண்டு. மீனவர் எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும். மீனைச் சேர்த்துவைக்க இடமில்லை; பனிக்கட்டி கொண்டுசெல்ல வழியில்லை. தொலைகடல் செல்லக் காற்றை நம்ப வேண்டும். நல்ல மரத்தின் விலையும் ஆண்டுக்கு ஆண்டு ஏறியது. ஆகவே புதிய கலம் தேவைப்பட்டது உண்மை. அதை எங்கிருந்து தொடங்கித் தேடுவது என்பதில்தான் வழிகள் பிரிந்தன.

நீண்டகரையில் பிரிந்த வழி

1952 அக்டோபரில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி 1953 முதல் கொல்லத்திற்கு வடக்கே, கத்தோலிக்க மீனவர் நிறைந்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்திய-நார்வேத் திட்டம் செயற்பட்டது. ஏழை மீனவருக்கு இயந்திரப் படகு தந்து அவர்தம் வாழ்வை உயர்த்துவதே நோக்கம். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் உள்ளூர்க் கலங்களில் இயந்திரம் பொருத்தும் முயற்சி கைகூடாமற்போகவே, புதிய படகுகள் வந்தன. அவை அலைக்கரையில் ஏற இயலாதவை, துறைமுகம் வேண்டுபவை. துறைமுகம் அமைந்த இடம் செழித்தது. இறால் ஏற்றுமதி பெருகியபோது, அடிமட்டத்தைத் துழாவும் இழுவலைப் படகுகள் பெருகின. முதலீடு செய்யக்கூடியவர் கையில் படகுகள் சேர்ந்தன.

தமிழகக் கரையிலும் விசைப்படகுகள் பெருகின. 1970களில் விசைப்படகினருக்கும் கட்டுமரத்தினருக்கும் இடையே மோதல்கள் மூண்டன. வலைகள் அறுந்தன, படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்வழி, கரையை ஒட்டிய மூன்று கடல் மைல் நாட்டுக் கலங்களுக்கென ஒதுக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டு, நீரையும் வாழ்வையும் காக்கும் முழக்கத்தோடு இரு கரைகளிலிருந்தும் புறப்பட்ட மீனவர் நடைப்பயணம் மே முதல் நாள் கன்னியாகுமரியில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஒரு கலத்தைத் தேர்வது எத்துணைப் பெரிய சமூக முடிவு என்பதற்கு இவை சான்று.

முட்டத்துப் படகுத்துறை

இரண்டாவது வழி கன்னியாகுமரி மாவட்டத்தின் முட்டத்தில் பிறந்தது. 1544இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அக்கரை மீனவர்க்குத் திருமுழுக்கு அளித்த நாள்தொட்டு, அங்கே கோவிலும் கடலும் பிரியாதவை. மீன்பாட்டில் ஒரு பங்கு கோவிலுக்குச் சேர்ந்தது. ஊர்வழக்கைப் பங்குக்குரு தீர்த்தார். குருக்கள் சொல்வதும் மக்கள் கேட்பதுமே நெடுநாள் வழக்கம். 1930இல் கோட்டாறு மறைமாவட்டம் உருவானது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல், இன்றைய உலகில் திருச்சபை பற்றிய கொள்கைத்திரட்டை வெளியிட்டபின், அந்த வழக்கம் மெல்ல மாறத் தொடங்கியது. பெல்ஜிய நாட்டு அருட்பணியாளர் ஜேம்ஸ் தோம்பர் போன்றோர் மீனவரைச் சங்கங்களாக ஒன்றுகூட்டினர்.

அவ்வேளையில் முட்டத்தின் படகு கட்டும் நிலையத்தில் உழைத்தவர் பியர் ஜில்லே. படகு வடிவமைப்பில் தேர்ந்தவர். அவர் கட்டுமரத்தை இகழவில்லை. அதனிடம் பாடம் கேட்டார். புதிய கலமும் மூழ்காததாய், அலையைக் கடப்பதாய், மணலில் ஏறுவதாய், மீனவரே செப்பனிடக்கூடியதாய் இருக்க வேண்டும் என்பது அப்பாடம். ஒட்டுப்பலகைத் தகடுகளை வடிவாய் அறுத்து, செப்புக் கம்பியால் விளிம்போடு விளிம்பு தைத்து, தையலின்மேல் பிசினும் கண்ணாடியிழையும் பூசி இறுக்கும் முறை கையாளப்பட்டது. சட்டமிட்டு ஆணியடிக்கும் மரப்படகைவிட இது இலேசானது. படகைத் தைப்பது நம் மக்களுக்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையின் மசூலாப் படகும் மலையாளக் கரையின் கெட்டுவள்ளமும் கயிற்றால் தைத்தவையே.

வெற்றி எளிதில் வரவில்லை. செய்த கலத்தை மீனவர் கடலில் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வர். மீண்டும் மாற்ற வேண்டும். பொருளியலறிஞர் சூமாக்கர், 1971இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர், 1973இல் எழுதிய நூல் 'சிறியதே அழகு' எனப் புகழ்பெற்றது. 1985இல் வெளிவந்த தம் நூலுக்கு ஜில்லே இட்ட தலைப்பின் பொருள் 'சிறியதே கடினம்' என்பது. பட்டறிவு தந்த தலைப்பு அது. 1980களில் ஒட்டுப்பலகை வள்ளங்கள், வெளிப்பொருத்து மோட்டாருடன், குமரிக்கரையிலும் தென்கேரளக் கரையிலும் பரவின.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். புதிய வள்ளம் கட்டுமரத்தைவிட விலை மிக்கது. மோட்டாரும் எரிபொருளும் தனிச்செலவு. தனியே விட்டிருந்தால் மீனவர், மீனை விலை பேசும் வணிகரிடமே கடன்பட்டு அடிமையாகியிருப்பர். சங்கங்கள் குறுக்கே நின்றன. மீனைக் கூட்டாய் ஏலம் விட்டு, விலையில் ஒரு பகுதியைக் கடனுக்கும் ஒரு பகுதியைச் சேமிப்புக்கும் பிடித்துக்கொண்டன. அச்சங்கங்களின் கூட்டமைப்பாகிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, படகு கட்டும் துறைகளையும் மோட்டார் பழுதுபார்க்கும் நிலையங்களையும் நடத்தியது. படகோடு சங்கமும் பிறந்ததால்தான் படகு மீனவருடையதாயிற்று.

ஏறத்தாழ அதே காலத்தில், 1979 முதல், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டமும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அலைக்கரைக்கு ஏற்ற கலங்களைத் தேடியது. கரை நெருங்கும்போது டீசல் இயந்திரத்தையும் சுழல்விசிறித் தண்டையும் சேர்த்துச் சாய்த்து உயர்த்திவிடும் அமைப்பை அது உருவாக்கியது. பெரிய நிறுவனமும் இறுதியில் கரையைக் கேட்டுத்தான் கலம் செய்ய வேண்டியிருந்தது.

இன்று வரும் அலுமினியம்

இன்று தொலைகடல் மீன்பிடிப்புக்குப் புதுப்படகு தேடுவோர்முன் அலுமினியமும் வைக்கப்படுகிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அலாஸ்கா ஆகிய இடங்களில் அது நன்கு வேரூன்றியுள்ளது. இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே உள்ளது, நீரை உறிஞ்சாது, புழு அரிக்காது. பாறையில் மோதினால் பெரும்பாலும் உடையாமல் நெளியும். பயன்முடிந்தபின் உருக்கி மீண்டும் வார்க்கலாம். பழைய ஃபைபர் படகுகளோ எரிக்கவும் முடியாமல் மட்கவும் செய்யாமல் கரைகளில் கிடக்கின்றன.

எனினும் இந்த உலோகத்திற்கு ஒரு குணம் உண்டு. அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்திருக்கக் கூடாது என்பதை நம் தாய்மார்கள் அறிவர். கடலும் அப்படித்தான். மக்னீசியம் நான்கு முதல் ஐந்து விழுக்காடு கலந்த 5083 போன்ற கடற்கலவையே உப்புநீரைத் தாங்கும். தாங்கினாலும், செம்பு, பித்தளை, இரும்பு ஆகியவை உப்புநீரில் அதனைத் தொட்டிருந்தால் அரிப்புத் தொடங்கிவிடும். செம்பு கலந்த அடிப்பூச்சும் ஆகாது. ஃபைபரில் விரிசல் கண்டால் ஊர் இளைஞரே பிசினும் இழையும் கொண்டு ஒட்டிவிடுவர். அலுமினியத்திற்கோ ஆர்கான் வாயுவில் பற்றவைக்கத் தேர்ந்த கைகள் வேண்டும்.

ஆகவே அலுமினியம் நல்லதா, தீயதா என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல நாம் துணியோம். நீண்டகரையும் முட்டமும் நமக்குச் சில கேள்விகளைக் கற்றுத் தந்துள்ளன. இந்தக் கலம் எந்தக் கரைக்குத் திரும்பும், துறைமுகத்திற்கா, மணலுக்கா? கடலில் எத்தனை நாள் தங்கும்? நீர் நிறைந்தாலும் மிதக்க அதற்குள் காற்றறைகள் உள்ளனவா? பழுதானால் யார் கை அதைத் தொடும்? யாரிடம் கடன்? 2017 நவம்பரின் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்கரை மீனவரைத் தொலைகடலில் வளைத்ததை நினைப்போர், கரையோடு பேச வானொலிக் கருவி உண்டா என்பதையும் கேட்பர். இக்கேள்விகளுக்கு விடை தெரிந்தவர்கள் கடலில் இறங்குபவர்கள் மட்டுமே.

லூக்கா நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை நாம் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். திரளான மீன்பாட்டைப் பற்றியே பேசினோம். அதற்கு முன் நிகழ்ந்ததைக் கவனிக்கவில்லை. இயேசு தச்சுத்தொழில் அறிந்தவர். மரத்தின் குறை நிறை அவருக்குத் தெரியும். ஆயினும் சீமோனின் படகில் ஏறியபோது, அதைப்பற்றி ஒரு குறையும் கூறவில்லை. வேறு படகு தருவதாகவும் சொல்லவில்லை. கரையிலிருந்து சற்றே தள்ளும்படி அதன் உரிமையாளரைக் கேட்டுக்கொண்டார். ஆழத்திற்குச் செல்லச் சொன்னது அதன் பிறகே.

காணிக்கைப் பெட்டியில் தம் ஒருநாள் கூலியை இட்ட நம் தாய்மார்களின் அன்பு வீணானதென்று நாம் நினைக்கவில்லை. அந்த அன்பு கரைக்குப் போய்ச் சேருமுன் ஒருமுறை கேட்டிருக்க வேண்டும். கேட்கும் கடமை நம்முடையதாய் இருந்தது. இனி நம் பங்குகளிலிருந்து ஒரு கலம் கடலுக்குப் போகுமானால், பணம் திரட்டுமுன் அந்தக் கரைக்குச் சென்று, அதைத் தூக்கி ஏற்றப் போகிறவர்களோடு மணலில் அமர்ந்து பேசுவோம்.