ஈழத்தலரியின் ஊர் எது?

நண்பர் ஒருவர் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்த முழ நீளக் குச்சி ஒன்றில்தான் இது தொடங்கியது. அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில், எங்கள் வாசலை ஒட்டிய நடைவழியில், மண்தொட்டியில் அதை ஊன்றினோம். மறு ஆண்டு பூத்தது. இளஞ்சிவப்பில் ஐந்து இதழ்கள், நடுவே கொஞ்சம் மஞ்சள். பூத்த வாரத்திலேயே எதிர்வீட்டுப் பாட்டி கேட்டார்: "ஏம்மா, சுடுகாட்டு மரத்தைப் போய் வாசல்ல வெச்சிருக்கீங்களே?"

கேட்ட குரலில் கோபம் இல்லை, எங்களைப் பற்றிய கவலைதான் இருந்தது. உடனே பதில் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. பதில் தேடிப் புறப்பட்டதில் சேர்ந்த செய்திகளே இக்கட்டுரை.

முதலில் பெயர். இம்மரத்திற்குத் தமிழில் ஈழத்தலரி என்றொரு பெயர் உண்டு. அலரி நம்மிடம் பழஞ்சொல். அதன் முன் 'ஈழத்து' என்று ஓர் அடை ஒட்டியிருப்பதே, இது பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி என்பதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 மலர்களில் இது இல்லை, இருக்கவும் இயலாது. இதன் தாயகம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள். 1492இல் கொலம்பஸ் கடல் கடந்து போகும்வரை இந்தப் பக்கத்தில் இதைக் கண்டவர் எவரும் இலர். பழங்கோயில் மதில் ஓரம் முறுக்கிக்கொண்டு நிற்கும் அடிமரத்தைப் பார்த்தால் கோயிலைவிட மரம் மூத்தது போலத் தோன்றும். அது வெறும் தோற்றம்.

சரி, ஈழத்தில் இதன் பெயர் என்ன? சிங்களத்தில் அரலிய. நம் அலரியும் அவர்களது அரலியவும் உறவுச் சொற்கள் என்பது கேட்ட அளவிலேயே விளங்கும். கொழும்பில் உள்ள பிரதமரின் அதிகாரபூர்வ இல்லத்தை ஆங்கிலத்தில் 'டெம்பிள் ட்ரீஸ்' என்பர். ஈழத்துத் தமிழ் ஏடுகள் அதையே 'அலரி மாளிகை' என்று எழுதுகின்றன. (அச்செய்திகளைப் படிக்கும் தமிழ்நாட்டு வாசகர் செவ்வரளியை நினைத்துக்கொண்டால் அது அவர் குற்றமன்று!)

இது ஒருபுறமிருக்க, பிற மொழிகளைப் பார்த்தபோது ஒரு வேடிக்கை தென்பட்டது. மலாய் மொழியில் இப்பூ 'கெம்போஜா'. கம்போடிய நாட்டுக்கும் அம்மொழியில் அதுவே பெயர். ஹவாய்த் தோட்டக்காரர்கள் இதில் ஓர் இனத்தைச் 'சிங்கப்பூர்' என்று அழைக்கிறார்கள். ஆக, அவரவரும் பக்கத்து ஊரைக் கைகாட்டியிருக்கிறார்கள். ஐரோப்பியரோ ஊரை விட்டுவிட்டு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். 1689இல் தொடங்கி மேற்கிந்தியத் தீவுகளுக்கு மும்முறை பயணம் செய்தவர் ஷார்ல் ப்ளூமியே என்னும் பிரெஞ்சுத் துறவி. அவர் பெயராலேயே மரம் 'ப்ளூமேரியா' ஆயிற்று. 'ஃபிராஞ்சிபானி' என்பது ஓர் இத்தாலியக் குடும்பத்தின் பெயர். கையுறைகளுக்கு மணமூட்டும் நறுமணக் கலவை ஒன்று அப்பெயரால் வழங்கியது, அதை நினைவூட்டும் மணம் கொண்ட பூவுக்கும் அப்பெயரே நிலைத்தது என்பார்கள்.

பிறந்த வீட்டுப் பெயரைத் தாங்கி நிற்கும் ஒரு சொல்லை நாங்கள் கண்டது பிலிப்பைன்ஸில்தான். அஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழியில் இம்மலர் 'காகலோஷோசித்ல்', பொருள் காகப்பூ. மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. மரம் அவ்வழியே வந்தது. பெயரும் கூடவே வந்து, வழியில் தேய்ந்து 'கலச்சூச்சி' ஆகிவிட்டது.

நிற்க. பாட்டியின் கேள்விக்கு வருவோம். கோயிலிலும் கல்லறையிலும் இம்மரத்தை ஏன் நட்டார்கள்? கிளையை ஒடித்துத் தரையில் போட்டாலும், மண்ணைத் தொடாமலேயே அது துளிர்க்கும், பூக்கவும் செய்யும். தண்டில் தேங்கிய பாலும் நீரும் அதற்குப் போதும். சாவுக்குப் பின்னும் பூப்பதை இறந்தோர் அருகில் நடத் தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் காலப்போக்கில் பொருள் தலைகீழாகிவிட்டது. சாவை வென்ற மரம் என்று நட்டதைச் சாவின் மரம் என்று அஞ்சத் தொடங்கினார்கள். மலாய் நாட்டில் இதன் மணம் வந்தால் பொந்தியானாக் என்னும் பெண்பேய் அருகில் இருக்கிறது என்பார்கள். ஹவாயிலும் இது முதலில் கல்லறைத் தோட்டத்துப் பூவாகவே இருந்தது. பயணிகளின் கழுத்தில் மாலையாக ஏறியதெல்லாம் பிற்பாடுதான். தாய்லாந்தில் இதன் பழைய பெயர் 'லந்தோம்'. துயரத்தைக் குறிக்கும் 'ரதோம்' போல ஒலித்ததால் வீட்டில் வைக்க மாட்டார்கள். பின்னர் 'லீலாவதி' என்று புதுப்பெயர் சூட்டினார்கள். அதன்பின் விடுதி முற்றங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் தாராளமாக இடம் கிடைத்தது. பாஸ்கரரின் கணித நூலுக்கும் பாங்காக் நகரத்துத் தொட்டிச் செடிக்கும் ஒரே பெயர்!

வீட்டுக்குள் நுழைய மரம் செய்துகொண்ட இன்னொரு மாற்றம் உயரத்தைக் குறைத்துக்கொண்டது. நுனி கூர்த்த இலையுடைய ருப்ரா இனம் இருபது அடிக்கு மேல் வளரும், குளிர்காலத்தில் மொட்டையாக நிற்கும். ஒப்ட்யூசா என்பதோ மழுங்கிய இலைநுனி கொண்டது; வெப்ப நாடுகளில் ஆண்டு முழுதும் பசுமையாக இருக்கும். 1931இல் ஹெரால்ட் லயன் என்னும் தாவரவியலாளர் இதைச் சிங்கப்பூரிலிருந்து ஹவாய்க்குக் கொண்டுபோனார். கரீபியத்தில் பிறந்தது சிங்கப்பூரின் பெயரைப் பெற்ற கதை இதுதான். அதன் வழியில் வைத்துச் சொல்லப்படும் குட்டை இனமே எங்கள் தொட்டியில் உள்ள 'ட்வார்ஃப் சிங்கப்பூர் பிங்க்'.

குட்டை என்பது கத்தரித்துக் குறுக்கியதன்று. கணுக்களுக்கு இடையே தூரம் குறைவு, அவ்வளவே. இம்மரத்தில் பூங்கொத்து கிளையின் நுனியில்தான் வரும். பூத்தபின் அந்நுனி நின்றுவிட, அதன் கீழிருந்து இரண்டோ மூன்றோ கிளைகள் பிரியும். நெட்டை இனத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு முழம் ஏறும். குட்டை இனத்தில் நான்கைந்து பிரிவுகள் ஒரு கைப்பிடிச் சுவருக்குள் அடங்கிவிடும். போத்து நடுவோர் ஒன்றில் மட்டும் பொறுமை காட்ட வேண்டும். வெட்டிய வாயில் பால் வடிந்து, காய்ந்து, தோல் கட்டும்வரை ஒன்றிரண்டு வாரம் நிழலில் போட்டுவைக்க வேண்டும். நாங்கள் அவசரப்பட்டு ஈரத்தோடு ஊன்றிய முதல் குச்சி அழுகிப்போயிற்று. மண்ணில் பாதிக்குப் பாதி மணல் இருந்தால் நல்லது. நீர் மேல்மண் காய்ந்த பிறகே. வெயில் மட்டும் நாளுக்கு ஆறு மணி நேரமாவது வேண்டும். இதில் அது விட்டுக்கொடுப்பதில்லை.

இக்குட்டை இனம் விதை பிடிப்பது அரிது. ஆகவே குச்சியாகக் கைமாறித்தான் ஊர் ஊராகப் போயிருக்கிறது. எங்கள் செடியும் நண்பரின் செடியும், அவருக்குக் கொடுத்தவரின் செடியும் வேறு வேறல்ல. ஒரே உடலின் துண்டுகள். விதை பிடிக்கும் பெரிய மரமும் நேர்வழியில் போவதில்லை. பூவில் தேன் கிடையாது. இரவில் மணத்தைக் கூட்டி, தேன் இருப்பதாக நம்பவைத்துப் பருந்து அந்துப்பூச்சிகளை வரவழைத்து ஏமாற்றுகிறது. பேய்க் கதைகள் எங்கிருந்து பிறந்தன என்பது, இரவு பத்து மணிக்கு அந்நடைவழியில் நின்றபோது எங்களுக்கு ஓரளவு புரிந்தது.

இவ்வளவையும் பாட்டியிடம் சொன்னோம். மெக்சிகோ வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். "எந்த ஊர் மரமா இருந்தா என்னம்மா, எங்கண்ணனை வெச்ச இடத்துல இதுதான் நின்னுது" என்றார். அதற்கு மேல் எங்களிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பின்பக்கத்து பால்கனி என்றால் தமக்கு ஆட்சேபம் இல்லை என்றார். தொட்டியை அங்கே மாற்றினோம். அங்கே பதினொரு மணிக்கெல்லாம் வெயில் நகர்ந்துவிடுகிறது. சென்ற ஆண்டு ஏழு கொத்து வந்த செடியில் இவ்வாண்டு வந்தது இரண்டு.