குருத்தும் மரமும்

பனை, தென்னை, கமுகு ஆகிய மரங்கள் இயல்பாகக் கிளைப்பதில்லை. ஆதலால் ஒவ்வொன்றுக்கும் வளரும் முனை ஒன்றே. உச்சியில் மட்டைகளுக்கு நடுவே பொதிந்திருக்கும் அவ்வெண்ணிறக் குருத்து மெல்லியது, இனியது. ஈஜிபுராவில் நம் அண்டை வீட்டுக் கன்னடியர் இதனைச் 'சுளி' என்பர். பெயர் எதுவாயினும் நியதி ஒன்றே: குருத்தை இழந்த மரம் மீண்டும் தளிர்ப்பதில்லை.

கி.மு. 401-இல் பாபிலோனிய நாட்டில் தங்கிய கிரேக்கப் படைவீரர் பேரீச்சங் குருத்தை முதன்முதலாக உண்டனர். உடன் சென்ற செனபோன் அதன் புதுச்சுவையை எழுதினார்; அது தலைவலி தந்ததையும், குருத்தெடுத்த மரம் முழுதும் பட்டுப்போனதையும் சேர்த்தே எழுதினார். பிற்காலத்தவரான அரியன், பண்டை இந்தியர் 'தால' என்னும் மரத்தின் பட்டையை உண்டனர் என்கிறார். தாலம் என்பது வடமொழியில் பனை. பனையின் புறப்பட்டை பல்லுக்கு இசையாது. எனவே அவர் கேள்வியுற்றது குருத்தைப் பற்றியதாகலாம் எனக் கருத இடமுண்டு.

'தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்' என்பது நம் பழமொழி. பனை பலன்தரப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும். பின்னர்ப் பதநீர், நுங்கு, கிழங்கு, ஓலை எனத் தலைமுறைகளுக்கு வழங்கும். குருத்தைத் தின்றால் ஒரு வேளை உணவு. குருத்தை விட்டு, அதனை அடுத்த இளம் ஓலையைக் கொய்தால் மரமும் வாழும், சுவடியும் கிடைக்கும். நம் பண்டை நூல்கள் பல அவ்வோலையில் ஏறியே நம் கைக்கு வந்தன.

ஆகவே தமிழ்நாட்டில் தென்னங்குருத்து பெரும்பாலும் வீழ்ந்த மரத்தின் உணவு. 2018 நவம்பரில் கஜா புயல் தஞ்சை, நாகை, புதுக்கோட்டைப் பகுதிகளில் தென்னைகளை இலட்சக்கணக்கில் சாய்த்தது. அப்படிச் சாய்ந்த மரத்தில் கிடைக்கும் குருத்து, உழவனுக்குப் பல ஆண்டு வருவாயின் கடைசித் தவணையாகும்.

பிரேசில் நாட்டில் ஒற்றைத்தண்டு ஜுசாரா மரங்கள் குருத்து வாணிகத்தால் அருகின. கோஸ்டா ரிக்காவில் தூரிலிருந்து பக்கக் கன்று விடும் பனை வகையைப் பயிரிட்டு, ஒரு தண்டை வெட்டினும் தூர் வாழ வழி கண்டனர். நம் பனைக்கு அந்த வசதி இல்லை. அதனால் தமிழ்நாடு அரசு, ஆட்சியர் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாது என 2021-இல் அறிவித்தது.

விடுமுறையில் ஊர் செல்லும் நாம் தெருவில் குருத்து விற்கக் கண்டால் வாங்கலாம். மரம் வீழ்ந்ததா, வீழ்த்தப்பட்டதா என்று முதலில் கேட்டுக்கொள்வோம்.