அபின் முறிமருந்தும் ஆய்வுகூட எலியும்

மருந்தொன்று ஒரு விளைவை நீக்கிற்றாயின், அவ்விளைவின் காரணமும் அறியப்பட்டுவிட்டதெனக் கருதுதல் மாந்தர்க்கு இயல்பு. இக்கருத்து எத்துணை எச்சரிக்கையோடு கையாளப்படற்பாலது என்பதை அபின் முறிமருந்துகளின் வரலாறு நன்கு புலப்படுத்தும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யேர்மனிய மருந்தாளர் சேட்டூணர் அபினிலிருந்து மோபீனைப் பிரித்தெடுத்தார். நோவை அகற்றும் அப்பொருளே, அளவு மிகுந்தவிடத்துச் சுவாசத்தை ஒடுக்கிற்று. கோடீனிலிருந்து ஆக்கப்பட்ட ஒரு சேர்வை இவ்வொடுக்கத்தை எதிர்ப்பதை 1915இல் போல் என்பார் கண்டார். எனினும், தூய முறிமருந்தெனத்தக்க நலோக்சோனுக்கு 1961இலேயே காப்புரிமை கோரப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் அஃது 1971இல் அங்கீகாரம் பெற்றது.

இதற்கிடையில், 1957இல் டன்னம், மியா என்னும் இருவர் எளிய கருவியொன்றை விவரித்தனர். சுழலும் கோலின்மேல் எலியை விட்டு, அது விழாது நிற்கின்றதா என நோக்குவதே அதன் முறையாகும். 1963இல் டயசெபாம் வழக்கிற்கு வந்தது. அத்தகைய அமைதியூட்டும் மருந்துகளால் விளையும் தள்ளாட்டத்தை அளத்தற்கு இக்கோல் பெரிதும் உதவிற்று.

1973இல் பேட், சினைடர் ஆகியோர் மூளையில் அபின்வகைப் பொருள்களுக்குரிய வாங்கிகள் உளவென நிறுவினர். 1975இல் அபடீன் நகரில் இயூசு, கொசுட்டலிற்சு ஆகியோர் மூளை தானே ஆக்கும் அபின்வகைப் பொருள்களை இனங்கண்டனர். இதன்பின், நலோக்சோன் எதனை நீக்கினும் அதற்கு உடலின் அபின்வகைப் பொருளே காரணமெனக் கொள்ளும் போக்கு வளர்ந்தது. அமைதியூட்டும் மருந்துகளின் விளைவுகளும் அதனால் நீங்குமோ என எலிகளில் ஆராயப்பட்டது. சில ஆய்வுகளில் விளைவு குறைந்தது. சிலவற்றில் மாற்றமே இல்லை.

இம்முரண்பாட்டை விளங்குதற்கு 1978ஆம் ஆண்டின் இரு பேறுகள் துணைபுரிந்தன. முதலாவது, நலோக்சோன் மிகுந்த அளவில் காபா எனும் நரம்புப் பொருளின் தொழிலையும் தடுக்குமெனக் காட்டப்பட்டமை. டயசெபாம் தொழிற்படுவதோ அக்காபாவை வலுப்படுத்தியே. எனவே, பேரளவு நலோக்சோன் எலியைக் கோலில் நிலைநிறுத்தினும், அஃது அபின் வாங்கிக்குச் சான்றாகாது. இரண்டாவது, நலோக்சோனின் கண்ணாடி விம்ப வடிவம் ஆக்கப்பட்டமை. இவ்வடிவம் அபின் வாங்கியைப் பெரும்பாலும் பற்றாது. இரு வடிவங்களும் ஒரே பயனைத் தருமாயின், காரணம் வேறிடத்ததென்பது தெளிவு. 1981இல் டயசெபாம் வகைக்கே உரிய முறிமருந்தான புளுமசெனில் பற்றிய செய்தி வெளியாயிற்று.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. மூச்சு ஒடுங்கிக் கிடக்கும் நோயாளி உட்கொண்டது அபின்வகையாயின் நலோக்சோன் உயிரளிக்கும். டயசெபாம் வகை மட்டுமாயின் வழக்கமான அளவில் அதனை நம்பியிருத்தல் ஆகாது. இரண்டும் கலந்திருப்பின், அபினின் ஒடுக்கம் நீங்கியும் மயக்கம் எஞ்சும். முறிமருந்தின் பயனைக் காண்பதோடு, அஃது எவ்வளவில், எவ்விடத்தில் தொழிற்பட்டது என வினவுதலே மெய்யறிவாம்.