நெகிழிச் சாலை

நெகிழிச் சாலை என்பது தாரில் ஒரு பங்கைக் குறைத்து, அதற்கு ஈடாகக் கழிவு நெகிழியைச் சேர்த்துப் போடப்படும் சாலை. பேச்சு வழக்கில் பிளாஸ்டிக் ரோடு. மதுரை தியாகராஜர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ராஜகோபாலன் வாசுதேவன் 2000-களின் தொடக்கத்தில் வகுத்த முறைதான் இந்தியாவில் மிகுதியும் கையாளப்படுகிறது. சாலை என்றதும் பொறியாளர் பாடு, ஒப்பந்ததாரர் பாடு என்று ஒதுங்கிவிடத் தோன்றும். ஆனால் இந்தச் சாலைக்கான வேலை வீட்டு வாசலில், குப்பை வாங்க வண்டி வரும் நேரத்தில் தொடங்குகிறது.

காயலான் கடைக்காரருக்கு எல்லா நெகிழியும் ஒன்றல்ல. உடைந்த குடம், பக்கெட், கால் முறிந்த நாற்காலி என்றால் தராசில் வைப்பார். தண்ணீர் பாட்டிலுக்கும் விலை உண்டு. பால் கவரை ஓரமாக வெட்டிக் கழுவி, காயவைத்து, சேர்ந்ததும் கிலோ கணக்கில் போடும் வழக்கம் பல வீடுகளில் இன்றும் இருக்கிறது. மெல்லிய கேரி பேக், சாம்பார் கட்டிவந்த கவர், தெர்மாகோல் தட்டு ஆகியவற்றை அவர் தொடமாட்டார். நாள் முழுக்கப் பொறுக்கினாலும் எடை நிற்காது. எண்ணெயும் மண்ணும் ஒட்டியிருக்கும். உருக்கி வேறு பொருள் செய்தாலும் தரம் தேறாது. சாக்கடையை அடைப்பதும், மாட்டின் வயிற்றில் சேர்வதும், குப்பைக்கிடங்கில் தீப்பிடித்துப் புகைவதும் பெரும்பாலும் இந்த விலைபோகாத சரக்குதான். நெகிழிச் சாலைக்கு வேண்டியதும் இதுவேதான்.

தாரும் நெகிழியும் பெட்ரோலிய வழி வந்தவை என்பதால் இரண்டும் ஒட்டும் என்ற எண்ணத்தில்தான் ஆய்வு தொடங்கியது. உருகிய தாரில் நேரடியாக நெகிழியைக் கலப்பது ஒரு முறை. இதை ஈர முறை என்பர். இதில் நெகிழி சீராகக் கலக்காது. அளவு சற்று ஏறினால் பிரிந்து நிற்கும். தொடர்ந்து கலக்கிக்கொண்டே இருக்கத் தனி இயந்திரம் வேண்டும். மதுரையில் வரிசையை மாற்றினார்கள். முதலில் சூடான ஜல்லியின் மேல் நெகிழி, அதன் பிறகே தார். உலர் முறை எனப்படும் இந்த வழிக்குப் புதிய ஆலை தேவையில்லை. வழக்கமான தார்க் கலவை ஆலையே போதும் என்பதுதான் இது பரவக் காரணம்.

ஆலையில் நடப்பதைப் பார்க்க அதிக நேரம் ஆகாது. துருவல் இயந்திரத்தில் 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுக்கு நறுக்கிய நெகிழி மூட்டை மூட்டையாக இருக்கும். பல நிறக் கவர்கள் சேர்ந்து அரைபட்டதால் எந்த நிறம் என்று சொல்ல முடியாது. ஆலையின் சூடேற்றும் உருளைக்குள் ஜல்லி ஏறத்தாழ 160 முதல் 170 பாகை செல்சியசுக்குச் சூடேறியதும் துருவலைத் தூவுவார்கள். அரை நிமிடத்துக்குள் துருவல் இளகிக் கல்லைப் போர்த்துகிறது. கல் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். அடுத்து தார் ஊற்றப்படுகிறது. அதன்பின் சாலையில் கொட்டிப் பரப்பி உருளை ஓட்டுவதெல்லாம் எல்லாச் சாலைக்கும் உரிய வேலையே.

தார்ச் சாலையின் பகை மழைநீர். ஜல்லிக்கும் தாருக்கும் இடையே நீர் புகுந்தால் தார் கல்லை விட்டு உரியும். லாரிச் சக்கரம் பட்டுப் பட்டுக் கல் பெயர்ந்து பள்ளம் விழும். நெகிழி போர்த்திய கல்லின் நுண்துளைகளில் நீர் இறங்குவதில்லை. தாரும் அந்தப் போர்வையை இறுகப் பற்றிக்கொள்கிறது. நாள்கணக்கில் நீரில் ஊறவைத்துப் பார்த்த சோதனைகளிலும் தார் உரியவில்லை.

கணக்கும் எளிது. 3.75 மீட்டர் அகலமுள்ள ஒற்றைத்தடச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 டன் தார் பிடிக்கும். நெகிழி சேர்த்தால் 9 டன் தாரும் ஒரு டன் நெகிழியும் போதும். ஒரு கிராம் எடையுள்ள மெல்லிய பை என்று வைத்துக்கொண்டால், ஒரு டன்னுக்கு 10 லட்சம் பைகள்.

வாசுதேவன் குழு 2002-இல் தன் கல்லூரி வளாகத்திலேயே சோதனைச் சாலை போட்டது. அதே ஆண்டு சென்னை நுங்கம்பாக்கத்தில் ஜம்புலிங்கம் தெரு, 2003-இல் ஈரோட்டில் வீரபத்திரர் தெரு, 2004-இல் மதுரை வண்டியூர்ச் சாலை, 2005-இல் விளாச்சேரிச் சாலை என்று வரிசை நீண்டது. இவற்றை ஆராய்ந்த மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2008-ஆம் ஆண்டு அறிக்கை, பல மழைக்காலம் கண்டும் குழி விழவில்லை என்றது. பக்கத்துத் தெருக்களைப் பற்றி அப்படிச் சொல்ல யாரும் துணிந்திருக்கமாட்டார்கள். கல்லூரி 2006-இல் காப்புரிமை பெற்றது. தொழில்நுட்பம் அரசுக்கு இலவசமாகவே வழங்கப்பட்டது. இந்தியச் சாலைகள் பேராயம் 2013-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2015 நவம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், 5 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களைச் சுற்றி 50 கிலோமீட்டருக்குள் போடும் சாலைகளின் மேற்பரப்பில் கழிவு நெகிழியைச் சேர்க்க வேண்டும் என்று ஆணையிட்டது. வாசுதேவனுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

தமிழ்நாட்டு ஊரகச் சாலைகளுக்கு இம்முறை சென்றபோது, நெகிழியைச் சேகரித்துத் துருவித் தரும் பொறுப்பு பல இடங்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் வந்தது. ஒரு துருவல் இயந்திரம், ஒரு கொட்டகை, காயவைக்கக் கொஞ்சம் திறந்தவெளி, இவ்வளவுதான் முதலீடு. கடினமான வேலை பிரிப்பதுதான். பிவிசி ஒரு துண்டுகூடக் கலக்கக்கூடாது. சூட்டில் அதிலிருந்து குளோரின் சேர்ந்த நச்சு வளி வரும். பழைய குழாய்த் துண்டு, பேனர் துணி, மின்கம்பி உறை எல்லாம் கையாலேயே பொறுக்கி அகற்றப்படுகின்றன.

பெங்களூரில் கதை வேறு. நெகிழிப் பை தயாரித்து விற்றுவந்த அகமது கான், பைகளுக்கு எதிர்ப்பு வலுத்தபோது, அதே பைகளை விலைகொடுத்து வாங்கித் தாருடன் சேர்க்கும் கலவை செய்யும் தொழிலில் இறங்கினார். கே.கே. பிளாஸ்டிக் வேஸ்ட் மேனேஜ்மென்ட் என்ற அவரது நிறுவனம் மாநகராட்சிச் சாலைகளுக்குச் சரக்கு கொடுத்தது. குப்பை பொறுக்குவோருக்கு மெல்லிய கவரிலும் காசு கிடைத்தது இதனால்தான்.

இவை அனைத்துக்கும் அடிப்படை, தரம் பிரித்துக் கொடுக்கும் பழக்கம். சென்னையில் எம்.பி. நிர்மல் 1989-இல் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற அமைப்பு, தெருக்காரர்களே மாதச் சந்தா போட்டு, மூன்று சக்கர வண்டியுடன் ஓர் ஆளை வைத்து, வீடு வீடாகக் குப்பை வாங்கும் முறையைப் பரப்பியது. பின்னர் உள்ளாட்சிகளே மக்கும் குப்பை, மக்காத குப்பை என இரண்டு கூடைகளைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தன. 2016-ஆம் ஆண்டு நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகள் பிரித்துக் கொடுப்பதைக் கடமையாக்கியதோடு, வேறு வகையில் மறுசுழற்சி செய்ய முடியாத நெகிழியைச் சாலைக்குப் பயன்படுத்துவதை உள்ளாட்சிகள் ஊக்குவிக்க வேண்டும் என்றும் கூறின. பிரிக்காமல் வந்த கவர், பழைய சோற்றோடும் மீன் கழிவோடும் கசங்கி வந்து சேரும். அதைக் கழுவிக் காயவைக்கும் கூலி, மிச்சமாகும் தாரின் விலையை விழுங்கிவிடும். ஆண்டுக்கொரு முறை பதாகை பிடித்து நடத்தும் விழிப்புணர்வுப் பேரணிகளைவிட, "கவரைத் தனியாப் போடுங்கம்மா" என்று தினமும் வாசலில் சொல்லிவிட்டுப் போகும் தூய்மைப் பணியாளரின் குரல் அதிகம் சாதித்திருக்கிறது.

மறுபக்கத்தில், பையே வேண்டாம் என்ற இயக்கமும் வளர்ந்தது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீலகிரி ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு அம்மாவட்டத்தில் கேரி பேக்குகளைத் தடைசெய்தார். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாடு முழுக்கத் தடை வந்தது. துணிப்பையை மீண்டும் பழக்கத்துக்குக் கொண்டுவர 2021 டிசம்பர் 23 அன்று தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தின்போது சுற்றுச்சூழல் துறைச் செயலாளராக இருந்தவரும் சுப்ரியா சாகுதான். சென்னை கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரமும் வைக்கப்பட்டது.

தடையும் சாலையும் ஒன்றுக்கொன்று முரண் என்பாரும் உளர். நெகிழியைப் பழிப்பதைவிடப் பயன்படுத்துவதே வழி என்று வாசுதேவன் சொல்லிவந்தார். சாலையைக் காட்டிப் பை உற்பத்தியாளர்கள் தப்பித்துக்கொள்வார்கள் என்பது மறுதரப்பின் அச்சம். ஏற்கெனவே குவிந்து கிடக்கும் கவரைத் தடை ஒன்றும் செய்யாது என்பதால் இரண்டும் வேண்டியிருக்கிறது. சாலை தேயும்போது நுண்துகள் உதிரும் என்ற ஐயமும் எழுப்பப்படுகிறது. நெகிழி, கல்லுக்கும் தாருக்கும் நடுவே சிறைப்பட்டிருக்கிறது என்பது ஆதரிப்போரின் பதில்.

நெகிழிச் சாலை வெளிநாடுகளுக்கும் சென்றது. இந்தோனேசியாவின் பாலியில் 2017-இல் ஒரு சோதனைச் சாலை போடப்பட்டது. இந்தியாவில் சாலைக்கு நெகிழியைப் பயன்படுத்துவதைக் கண்டு தூண்டப்பட்ட டோபி மெக்கார்ட்னி என்பவர், சாலைக் கலவைக்கு நெகிழியைச் சேர்க்கும் மெக்ரீபர் நிறுவனத்தை ஸ்காட்லாந்தில் தொடங்கினார். இந்தியாவில் இரு வழிகளும் தொடர்கின்றன. நெகிழிப் பைகளின் குறைந்தபட்சத் தடிமன் 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரான் ஆக்கப்பட்டுள்ளது. மறுபுறம், ஊரகப் பகுதிகளில் ஊராட்சி ஒன்றிய அளவில் நெகிழித் துருவல் நிலையங்கள் இயங்குகின்றன.